அதிரடி அனிமேஷன் தொடருக்குக் காதல் கிளைக்கதை கட்டாயமா?

நெற்றிவிளக்கு (சுங்கை சிப்புட், பேராக்) எழுதிய கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். நானும் நண்பர்கள் மூவரும் இரண்டு ஆண்டுகளாகச் சிறுவர்களுக்கான தமிழ் அனிமேஷன் தொடர் ஒன்றை உருவாக்கி வருகிறோம். ஒவ்வொன்றும் 11 நிமிடம் ஓடும் 13 அத்தியாயங்கள். கதை நடக்கும் இடம் நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம்தான். நாயகிக்கு 13 வயது, முதலாம் படிவம் படிக்கிறாள். அவளுடைய பாட்டி முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். விடியுமுன் நெற்றியில் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போன அந்த விளக்கைப் பேத்தி ஒருநாள் எடுத்துக் கட்டிக்கொள்கிறாள். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத பகைவர்கள் அந்த வெளிச்சத்தில் மட்டும் அவளுக்குத் தெரிகிறார்கள். நிரைநிரையாக நிற்கும் மரங்களுக்கு நடுவே இருட்டில் நடக்கும் சண்டைகள்தாம் தொடரின் உயிர்.

தொடரை வாங்க முன்வந்த ஒரு தரப்பினர் சென்ற மாதம் எங்களைச் சந்தித்தபோது, நான்காம் அத்தியாயத்திலிருந்து நாயகிக்கும் பக்கத்துத் தோட்டத்துப் பையனுக்கும் இடையே காதல் ஒன்று மெல்லத் தொடங்கி இறுதிவரை வளர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் இரண்டு காரணங்கள் சொன்னார்கள். காதல் இல்லாத கதையைத் தமிழர்கள் உட்கார்ந்து பார்க்கமாட்டார்கள் என்பது முதலாவது. வெளிநாட்டில் வெற்றிபெற்ற அதிரடித் தொடர்களிலெல்லாம் அது இருக்கிறது என்பது இரண்டாவது.

நான் மறுக்காமல் எழுதிப் பார்த்தேன். ஒன்றரை நிமிடக் காட்சிகள் ஆறு எழுதினேன். அவற்றுள் ஒன்றில் ஆற்றங்கரையில் பையன் செண்பகப்பூவை நீட்டுகிறான், அவள் வாங்கிக்கொள்ளத் தயங்குகிறாள். கோட்டுப்படங்களுக்குக் குரல் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு முடிந்ததும் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். பூ நீட்டும் காட்சி வந்ததும் சிறியவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெரிய பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். ஒரு சிறுமி எழுந்து வந்து, சண்டை இனி எப்போது வரும் என்று என்னிடமே கேட்டுவிட்டாள். அதே பிள்ளைகள், பாட்டியின் விளக்கு சண்டைக்கு நடுவே அணைகிற இடத்தில் மூச்சுவிடவில்லை. முன்வரிசையில் முறுக்குத் தின்றுகொண்டிருந்த பையன் ஒருவன், வாய்வரை கொண்டுபோன கையை அப்படியே நிறுத்திவிட்டு, விளக்கு மறுபடி எரிந்த பிறகுதான் கடித்தான்.

எனக்குக் காதற்கதைகள்மேல் வெறுப்பு இல்லை. நான் எழுதிய விதம் தவறாக இருக்கலாம் என்ற ஐயமும் இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன். இத்தகைய தொடருக்குக் காதல் கிளைக்கதை உண்மையிலேயே தேவையா? தேவையென்றால் அது கதைக்குள் எப்படி இருக்க வேண்டும்? அடுத்த மாதம் அவர்களுக்கு மறுமொழி சொல்ல வேண்டியிருக்கிறது.

மங்குப்பால் (பீடோர்) எழுதிய மறுமொழி:

தங்கைக்கு வணக்கம். என் பிள்ளைகளுக்கு 8 வயதும் 11 வயதும் ஆகின்றன. ஒரு தாயாகச் சொல்கிறேன், தேவையில்லை.

நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டு தொடங்கிய போபோய்போய் தொடரை என் அண்ணன் பிள்ளைகள் பார்த்து வளர்ந்தார்கள். இன்று என் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். அதில் நண்பர்கள் ஐவர் இருக்கிறார்கள், தாத்தாவின் கொக்கோ கடை இருக்கிறது, ஊரைக் காப்பாற்றும் சண்டை இருக்கிறது. அந்தத் தொடரைக் காதலா நடத்திச் செல்கிறது? பொருள்களைத் தின்பண்டங்களாக மாற்றும் கோபால் நம் இனத்துப் பையன் என்பதே என் பிள்ளைகளுக்குப் பெருமை. அவன் எல்லாவற்றுக்கும் அஞ்சுவான், ஆனாலும் நண்பனுக்காகத் திரும்பி வந்து நிற்பான். அந்த இடத்தில் என் மகன் எழுந்து நின்றே பார்ப்பான்.

உங்கள் நாயகி 13 வயதுக் குழந்தை. அந்த வயதில் ஒரு பெண்பிள்ளை வீரமாக எதையாவது செய்தாலும், ஊரார் முதலில் கேட்பது அவள் எந்தப் பையனோடு பேசினாள் என்பதைத்தான். தோட்டத்தில் வளர்ந்த எல்லாருக்கும் இது தெரியும். திரையிலாவது அவளைச் சண்டையிட விடுங்கள்.

வாடைக்காற்று (தாப்பா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்) எழுதிய மறுமொழி:

மகளே, உன் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 'காதல் இல்லாமல் தமிழர்கள் பார்க்கமாட்டார்கள்' என்று அவர்கள் சொன்னது என்னை உறுத்தியது. அதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியும் தவறான இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதே உறுத்தலுக்குக் காரணம். காதலையும் போரையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்பதை நம் முன்னோர்கள் நெடுங்காலம் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். தொல்காப்பியர் 'வெட்சி தானே குறிஞ்சியது புறனே' என்று தொடங்கி, ஒவ்வொரு புறத்திணைக்கும் ஓர் அகத்திணையை இணை சொல்லிக்கொண்டே போகிறார். இரவில் மலைப்பக்கத்தில் மறைவாக நடக்கும் ஆநிரை கவர்தலாகிய வெட்சிக்கு, இரவில் மலைச்சாரலில் மறைவாக நடக்கும் காதலர் சந்திப்பாகிய குறிஞ்சி இணையாகிறது. ஆயினும் ஒன்று மற்றொன்றின் கிளைக்கதை என்று அவர் சொல்லவில்லை. உள்ளங்கையும் புறங்கையும் போல இரண்டும் ஒரே கையின் இரு பக்கங்களாகவே அவர் இலக்கணத்தில் நிற்கின்றன.

இதைச் செய்துகாட்டிய ஒரு பாட்டை உனக்கு நினைவூட்ட விரும்புகிறேன். பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகள் கொண்டது. வாடைக்காலம். அரண்மனையில் அரசி உறங்காமல் இருக்கிறாள். நாற்பது வயது நிரம்பிய யானையின் கொம்பைக் கடைந்து செய்த கட்டிலில் அமர்ந்து, மேல்விதானத்தில் தீட்டிய நிலவையும் அதை விட்டுப் பிரியாத உரோகிணியையும் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். தொலைவில் பாசறையில் அரசனும் உறங்கவில்லை. 'நள்ளென் யாமத்தும் பள்ளி கொள்ளான்' என்கிறார் புலவர். அவன் சாரல் மழையில் சிலரோடு நடந்து, புண்பட்டுக் கிடக்கும் வீரர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போகிறான். இருவரும் பாட்டு முழுவதிலும் ஒருமுறைகூடச் சந்திப்பதில்லை, ஒரு சொல்கூடப் பேசிக்கொள்வதில்லை. பூ நீட்டுவதும் இல்லை, தயங்குவதும் இல்லை. ஆனாலும் அரசன் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் அரண்மனையில் ஒருத்தி விழித்திருக்கிறாள் என்பது நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது.

அந்தப் பாட்டு அகமா, புறமா என்ற கேள்வி பிறகு எழுந்தது. அரசனுக்கு முன்னே செல்பவன் ஏந்திய வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருந்தது என்று ஓரடி வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளம். அகப்பாட்டில் தலைவனை இன்னார் என்று சுட்டிக்காட்டக் கூடாது என்பது மரபு. ஆகவே அந்த ஒரு கொத்து வேப்பந்தழையை வைத்து இது புறப்பாட்டு என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் முடிவுசெய்தார். முழுப்பாட்டிலும் பிரிவின் வேதனை நிறைந்திருக்க, ஒரு தழை அதைப் போரின் பக்கம் இழுத்து நிறுத்துகிறது. உன் தொடர் போரின் பக்கம் நிற்க வேண்டியது. அதற்குள் அகம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் அது தனிக் காட்சிகளாக நடுவில் வந்து நின்று சண்டையை நிறுத்த வேண்டியதில்லை.

உன் கதையில் விளக்கு இருக்கிறது என்று படித்ததும் எனக்கு மகிழ்ச்சி பொங்கியது. நெடுநல்வாடையிலும் விளக்குகள் எரிகின்றன, அவற்றுள் இரண்டு இடங்களைச் சொல்கிறேன். அரண்மனையில் யவனர் செய்த பாவை கையில் ஏந்திய அகல் எரிகிறது. பாசறையில் விளக்குகளின் பருத்த சுடர் வாடை வீசும்போதெல்லாம் தெற்குப் பக்கம் சாய்கிறது. காற்று நுழையாத வீட்டு விளக்கையும் காற்றில் சாயும் பாசறை விளக்கையும் காட்டியே புலவர் இரண்டு உள்ளங்களையும் சொல்லிவிட்டார். உன் நாயகி காட்டில் இருக்கும் நேரத்தில் வீட்டில் ஒரு விளக்கு எரிகிறதா, மகளே? அதன் பக்கத்தில் யார் விழித்திருக்கிறார்கள்? அதைப் பாட்டியாக வைத்தாலும் போதும். அகம் என்பது காதலர்க்கு உரியது என்று இலக்கணம் சொல்லும். ஆனாலும் காத்திருப்பவரின் நெஞ்சம் யாருடையதானாலும் ஒன்றுதான் என்று, வகுப்பறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் நின்ற நான் நம்புகிறேன்.

பயணச்சீட்டு (ஈப்போ, கல்லூரி மாணவன்) எழுதிய மறுமொழி:

ஆசிரியர் ஐயா எழுதியதை மிகவும் மதிக்கிறேன். ஆனால் பீடோர் அக்காவின் கருத்தோடு உடன்பட முடியவில்லை. வயதைக் காரணமாகக் காட்டிக் காதலை விலக்குவது சரியான காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

2005-ஆம் ஆண்டு முதல் 2008 வரை 61 அத்தியாயங்களாக வந்த 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். நாயகன் ஆங்குக்கு வயது 12, அவனுடைய தோழி கட்டாராவுக்கு 14. அவன் அவள்மேல் கொண்ட அன்பு சண்டைகளுக்கு நடுவே இளைப்பாறுவதற்காக வைத்த காட்சியாக அங்கே இல்லை. இரண்டாம் பாகத்தின் இறுதியில் குரு பத்திக் அவனுடைய ஏழு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகத் திறக்க வழிகாட்டுகிறார். ஏழாவது திறக்க வேண்டுமானால் உலகப் பற்றை விட வேண்டும், அதாவது கட்டாராவை மனத்திலிருந்து விட்டுவிட வேண்டும். அவனால் முடியவில்லை. அவள் ஆபத்தில் இருப்பதாகக் கண்டு பாதியிலேயே எழுந்து பறந்துவிடுகிறான். அடுத்த அத்தியாயத்தில் எதிரிகள் சூழ்ந்து நிற்க, வேறு வழியின்றி அவளை மனத்தால் விட்டுவிடத் துணிகிறான். சக்தி கூடி மேலே எழும்புகிற அந்த நொடியில் முதுகுப்புறமிருந்து எதிரி அசூலாவின் மின்னல் அவனைத் தாக்குகிறது. விழுகிறவனைத் தாங்கிப் பிடித்து, தான் சேமித்து வைத்திருந்த புனித நீரால் உயிர் மீட்பவள் கட்டாரா.

இந்த இரண்டு அத்தியாயங்களிலிருந்து காதலை எடுத்துவிட்டால் சண்டையே புரியாது. அவன் ஏன் தோற்றான் என்பதற்குக் காரணம் இருக்காது. நான் இதை 11 வயதில் பார்த்தேன். எனக்கு அப்போது காதல் என்றால் என்னவென்று சரியாகத் தெரியாது. ஆனால் ஒருவரை விட்டுவிடச் சொன்னால் எப்படி வலிக்கும் என்பது தெரியும், ஏனென்றால் அந்த ஆண்டுதான் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளை உடைத்தார்கள். அடுத்த வீட்டுக் குடும்பம் ஜொகூருக்குப் போய்விட்டது, அவர்களோடு என் நண்பனும் போய்விட்டான். அன்றிரவு அந்தக் காட்சியைப் பார்த்து நான் அழுதேன்.

எனவே நெற்றிவிளக்கு அக்கா, நீங்கள் காதலை எழுதலாம். பிள்ளைகள் தரையைப் பார்த்தது காதலைக் கண்டதனால் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பூவுக்கும் அடுத்து வரும் சண்டைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை அவர்கள் உங்களைவிட விரைவாகக் கண்டுகொண்டார்கள்.

கோட்டுப்படம் (கோலாலம்பூர், சொந்த ஊர் சுங்கை சிப்புட்) எழுதிய மறுமொழி:

நான் பன்னிரண்டு ஆண்டுகளாக அனிமேஷன் துறையில் இருக்கிறேன். கடைசியாகத் தம்பி எழுதிய வரிதான் என் கருத்தும். வரைபவர்கள் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

ஆறு காட்சிகள், 9 நிமிடங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள், ஒவ்வொரு படத்தையும் இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 படங்கள். 9 நிமிடத்துக்கு 6,480 படங்கள் ஆகும். நால்வர் சேர்ந்து செய்யும் தொடரில் இது சிறிய சுமை அன்று. காதற்காட்சியில் இருவர் சும்மா நின்றுகொண்டிருப்பதால் உழைப்பு குறைவு என்று வாங்குபவர்கள் நினைப்பார்கள். உண்மை நேர்மாறானது. சண்டையில் வேகக்கோடுகளும் அதிரும் சட்டகமும் பல குறைகளை மறைத்துவிடும். இரண்டு முகங்கள் பேசாமல் ஒன்றையொன்று பார்க்கும்போது மறைக்க ஏதும் இல்லை. இமை இரண்டு படம் தாமதமாகத் தாழ்ந்தால் நாணம் என்பது தூக்கக்கலக்கமாக மாறிவிடும். நான் ஒரு முறை அப்படி ஓர் இமைக்காகவே மூன்று நாள் செலவிட்டிருக்கிறேன்.

அவசரமாக நுழைத்த காதல் என்ன செய்யும் என்பதற்கு 'சாமுராய் ஜாக்' தொடரின் இறுதிப் பாகத்தைப் பாருங்கள். 2004-இல் நின்றுபோன தொடர் 2017-இல் பத்தே அத்தியாயங்களோடு திரும்பி வந்தது. ஜாக்கைக் கொல்வதற்கென்றே வளர்க்கப்பட்ட ஆஷி மனம் மாறி அவனோடு நடக்கத் தொடங்கியது அருமையான கட்டம். ஆனால் எட்டாம் அத்தியாயத்தில் அது காதலாகி, பத்தாம் அத்தியாயத்தில் திருமணக் கோலத்தில் அவள் மறைந்துபோகிறாள். அந்த முடிவை எண்ணி எண்ணி வரைந்திருக்கிறார்கள், காட்சிகள் அழகானவை. இருந்தும் என் நெஞ்சு அவளுடைய நட்பைத்தான் நம்பியது, காதலை நம்ப அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

இன்னொரு பக்கம், கடற்கொள்ளையர் கதையான 'ஒன் பீஸ்'. 1999 முதல் ஓடும் அந்த அனிமேஷன் தொடர் ஆயிரம் அத்தியாயங்களைத் தாண்டிவிட்டது. கப்பலில் இருப்பவர்களுக்குள் காதற்கதை ஏதும் இல்லை, பார்ப்பவர்கள் யாரும் விலகிப் போகவும் இல்லை. வெளிநாட்டுத் தொடர்களிலெல்லாம் காதல் இருக்கிறது என்ற காரணத்துக்கு இது போதும். தமிழர்கள் பார்க்கமாட்டார்கள் என்ற காரணத்துக்கு 2019 தீபாவளிக்கு வந்த 'கைதி' போதும். கதாநாயகி இல்லை, பாடல் இல்லை. முகம் பார்த்திராத மகளைக் காண ஒரு தந்தை ஓர் இரவு முழுவதும் சண்டையிட்டுக்கொண்டு போகிறான். நம் மக்கள் திரையரங்கை நிறைத்தார்கள்.

ஆகையால் ஒரே ஒரு சோதனை செய்து பாருங்கள், தங்கச்சி. ஆறு காட்சிகளையும் எடுத்துவிட்டுப் பதின்மூன்று சண்டைகளையும் வரிசையாக ஓடவிடுங்கள். எந்தச் சண்டையின் முடிவும் மாறாவிட்டால் அந்தக் காட்சிகளுக்கு இடமில்லை. ஒன்றாவது மாறினால் அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற ஐந்தின் உழைப்பையும் அதில் போடுங்கள்.

நெற்றிவிளக்கு எழுதியது:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் அண்ணனுக்கும் தம்பிக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணன் சொன்ன சோதனையை நேற்றிரவு செய்து பார்த்தோம். ஆறு காட்சிகளை எடுத்தோம், ஒரு சண்டைகூட மாறவில்லை. அதனால் ஆறும் போய்விட்டன.

பையன் மட்டும் இருக்கிறான். அவனை ஏன் என்னால் நீக்க முடியவில்லை என்று யோசித்தபோது, தம்பி எழுதிய உடைந்த வரிசை வீடுகள் நினைவுக்கு வந்தன. பையனின் தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறுகிறது. பால்மரங்களை வெட்டிச் சாய்க்கிறார்கள், அவன் குடும்பம் ஊரைவிட்டுப் போக வேண்டும். பகைவர்கள் மறைந்திருக்கும் நிரை எதுவென்று காட்டக்கூடியவன் அவன் ஒருவன்தான், ஏனென்றால் தன் தாயோடு அந்த மரங்களுக்கு அடியில் ஒட்டுப்பால் (உறைந்துபோன ரப்பர் பால்) பொறுக்கி வளர்ந்தவன். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அவன் லாரியில் ஏற வேண்டிய நேரமும் அவள் அவனை அழைக்க வேண்டிய நேரமும் ஒன்றாக வருகின்றன. அவள் அழைக்கவில்லை. அதனால் அந்தச் சண்டையில் தோற்கிறாள். அது நட்பா காதலா என்று கதையில் எங்கும் சொல்லப்போவதில்லை. பீடோர் அக்கா, அவளைச் சண்டையிட விட்டிருக்கிறேன் என்று நம்புகிறேன்.

ஐயா, நீங்கள் கேட்ட விளக்கு எங்கள் கதையில் இதுவரை இல்லை. இப்போது முதல் அத்தியாயத்திலேயே வரைந்துவிட்டேன். சாமிப்படத்துக்குக் கீழே ஒரு காமாட்சி விளக்கு, பக்கத்தில் பாட்டி, வெற்றிலை மடித்தபடி உறங்காமல் உட்கார்ந்திருக்கிறார். பேத்தி காட்டில் அடிபடும்போதெல்லாம் வீட்டுக்குள் காற்று இல்லாமலே அந்தச் சுடர் ஒரு முறை சாய்கிறது, பாட்டி கையைக் குவித்து அதை அணையாமல் காக்கிறார். சுடர் காட்டின் பக்கம் சாய வேண்டுமா, பாட்டியின் பக்கம் சாய வேண்டுமா என்று நண்பர்களுக்குள் இன்னும் பேச்சு முடியவில்லை. உங்கள் கருத்தைச் சொன்னால் அப்படியே வரைகிறேன்.

வாடைக்காற்று எழுதியது:

காட்டின் பக்கம் சாயட்டும், மகளே. பாட்டியின் கண்ணும் அங்கேதான் இருக்கும்.